சொல்லச் சொன்னது மட்டும்

பீளமேடு விமான நிலையத்தை விட்டுக் கார் வெளியே வருவதற்குள் எழில் அதைச் சொல்லி முடித்துவிட்டாள். முன் சீட்டிலிருந்து உடம்பைத் திருப்பி, பின்னால் இருந்த இரண்டு கொரியர்களின் முகத்தையும் பார்த்து, அவர்கள் மொழியிலேயே சொன்னாள்.

"என்னை வேலைக்குக் கூப்பிட்டிருப்பது சரக்கு விற்கிறவர்கள். நீங்கள் உங்களுக்குள் பேசிக்கொள்வதும் எனக்குப் புரியும். சொல்லச் சொன்னதை அவர்களிடம் சொல்வேன். மற்றதை யாரிடமும் சொல்ல மாட்டேன். இருந்தாலும் நான் பக்கத்தில் இருப்பது உங்கள் நினைவில் இருக்கட்டும்."

பார்க் என்ற நரைத்த தலைக்காரர் லேசாகத் தலையைத் தாழ்த்தினார். அவரோடு வந்திருந்த யூன் என்ற பெண் புருவத்தை உயர்த்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த கிருபாசங்கருக்குப் பொறுக்கவில்லை. தாராபுரம் பக்கம் அப்பா நடத்தும் தேங்காய் மஞ்சி மில்லின் ஏற்றுமதி வேலை முழுவதையும் பார்ப்பவன் அவன்.

"என்னங்க மேடம், வந்ததும் வராததுமா ஏதோ நீளமாச் சொல்றீங்க?"

எழில் சொன்னாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

அவன் கை ஸ்டியரிங்கில் இறுகியது. "இதை எதுக்குங்க அவங்ககிட்டப் போயிச் சொல்றீங்க? இனி எப்படிங்க அவங்க வாயைத் தொறப்பாங்க?"

"போன்ல உங்ககிட்டயும் இதையேதாங்க சொன்னேன்."

போனில் அவன் கேட்டது இதுதான்: கார் பயணத்திலும் சாப்பாட்டு மேசையிலும் கொரியர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவ்வப்போது வாட்ஸப்பில் தட்டிவிட வேண்டும். முடியாது என்றாள். "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டான். அந்தச் சரிக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை என்று எழிலுக்கு அப்போதே தோன்றியது. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

எழில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியக் கார் உதிரிபாகக் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். மொழியை முதலில் லைனில் நின்ற மேற்பார்வையாளர்களின் வசவிலிருந்துதான் கற்றாள். அப்புறம் வகுப்பு, தேர்வு, மொழிபெயர்ப்பாளர் வேலை. அங்கே பாலகோபால் என்று ஒரு மூத்த மொழிபெயர்ப்பாளர் இருந்தார். கெட்டிக்காரர். கேன்டீனில் கொரியர்கள் பேசுவதை நிர்வாகத்துக்கும், நிர்வாகம் பேசுவதைக் கொரியர்களுக்கும் கொண்டுபோய் இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கினார். கொஞ்ச காலத்தில் அவர் உள்ளே வந்தாலே இரண்டு பக்கமும் பேச்சு நின்றது. பேச்சே நடக்காத அறையில் மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேலை? அவர் போன பிறகு அந்த நாற்காலியில் எழில் உட்கார்ந்தாள். நாற்காலி ஏன் காலியானது என்பதை மறக்காமல் உட்கார்ந்தாள்.

அப்பா காளிச்சாமி இறந்ததும் ஊர்ப்பக்கம் வந்துவிட்டாள். இப்போது சிங்காநல்லூரில் அறை எடுத்துக்கொண்டு, கூப்பிடுகிற இடத்துக்குப் போகிறாள். ஒருநாள் திருப்பூரில் பின்னலாடை மெஷின், ஒருநாள் சோமனூரில் தறி, பெரும்பாலும் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் மஞ்சி மில். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்தது போக மிஞ்சும் தூளை உப்புப் போகக் கழுவி, காயவைத்து, செங்கல் மாதிரி அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். கொரியாவில் அதில் ஸ்ட்ராபெர்ரி வளர்க்கிறார்கள். மில்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் போட்டி. எல்லாருக்கும் மொழிபெயர்க்க இவள் ஒருத்தி. ஒரு மில்லில் கேட்டது அடுத்த மில்லுக்குப் போகிறது என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது. பிழைப்பு மொத்தமும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் நின்றது.

பல்லடம் தாண்டியதும் கிருபாசங்கர் மறுபடி ஆரம்பித்தான்.

"ஏனுங்க மேடம், போன மாசம் பொள்ளாச்சியில நம்ம சாய்சரண் மில்லுக்குப் போயிருந்தீங்களாமா?"

"போயிருந்தேனுங்க."

"அவன் எத்தனை வருசத்துக்கு அக்ரிமென்ட் போட்டானுங்க? சும்மா, ஒரு தகவலுக்கு."

"நாளைக்கு அவர் என்னைக் கூப்பிட்டு, உங்க மில்லுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, சும்மா ஒரு தகவலுக்குச் சொல்லட்டுங்களா?"

அவன் சிரித்தான். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்தது. பின்னாலிருந்து யூன், அந்தக் காற்றாலைகள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டாள். எழில் அதை மொழிபெயர்த்தாள். அவன் பதில் சொன்னான். அதற்குப் பிறகு மில் வரும்வரை தமிழில் ஒரு பேச்சும் இல்லை.

இந்த வேலையை ஒப்புக்கொண்டபோது எழில் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அவள் அம்மா ராசம்மாள் வேலை பார்ப்பது இந்த மில்காரரின் தோப்பில்தான். இருப்பதும் அவர்கள் நிலத்தை ஒட்டிய கூலிக்காரர் வளவில், அவர்கள் கட்டிக் கொடுத்த வீட்டில்தான். எந்த மில் என்று தெரிந்ததுமே வேண்டாம் என்றிருக்கலாம். வேலை வேலைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில், சின்ன வயதில் மட்டை பொறுக்க வேலி ஓரமாக நுழைந்த இடத்துக்கு முன்கேட் வழியாகக் காரில் போய் இறங்க வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது.

காரிலிருந்து இறங்கியபோது அந்த ஆசை அப்படியே அடங்கிப்போனது. எடை மேடைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில், நல்ல சேலை கட்டிக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா அதில் உட்காரவில்லை.

கிருபாசங்கரின் அப்பா பாலுசாமி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அவசரமே இல்லாத நடை. "வாங்க, வாங்க. பயணமெல்லாம் சௌகரியங்களா?" என்று கொரியர்களைக் கேட்டுவிட்டு எழில் பக்கம் திரும்பினார்.

"வா கண்ணு. யாரோ கோயமுத்தூர்ல இருந்து மேடம் வருதுன்னானுங்க. மேஸ்திரி சொல்லித்தான் எனக்கே தெரியும், நம்ம ராசம்மா புள்ளைன்னு. உங்கொப்பன் இருந்திருந்தா இன்னிக்கு எகிறிக் குதிச்சிருப்பான் போ."

"நம்ம ராசம்மா புள்ளையா?" என்றான் கிருபாசங்கர். அவன் முகத்தில் முதலில் வியப்பு வந்தது. அப்புறம் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் எழிலுக்குப் பிடிக்கவில்லை.

பார்க் என்னவென்று கேட்பதுபோல் பார்த்தார். எழில் பாலுசாமியிடம், "இதையும் அவங்ககிட்டச் சொல்லட்டுங்களா சார்?" என்றாள்.

"சொல்லு, தாராளமாச் சொல்லு. இது எங்க ஊட்டுப் புள்ளைன்னு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள். "இவள் எங்கள் வீட்டுப் பெண் என்கிறார்."

யூனின் முகம் சட்டென்று மாறியது. "நீங்கள் இவருடைய உறவினரா? காரில் அதைச் சொல்லவில்லையே!"

"இல்லை. என் அம்மா இவர் தோப்பில் கூலி வேலை செய்கிறார். அதோ நிற்கிறாரே, அவர்தான். இதை நான் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்." உடனே தமிழுக்கு மாறினாள். "சொந்தமான்னு கேட்டாங்க சார். இல்லீங்க, எங்கம்மா உங்க தோப்புல வேலை செய்யறாங்கன்னு சொன்னேனுங்க."

பாலுசாமியின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் ஒரு தரம் சுருங்கி விரிந்தது. "அப்படியும் சொல்லலாம்" என்றார்.

பார்க் மரத்தடியைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கினார். ராசம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கும்பிட்டாள்.

களத்தைச் சுற்றிக் காட்டினார்கள். சிமென்ட் தரையில் தூள் பழுப்பாகப் பரந்து கிடந்தது. பெண்கள் பலகையால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பாலுசாமிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மூன்று வருட ஒப்பந்தம். இன்னொரு களமும் கழுவும் தொட்டிகளும் கட்டப்போகிறார். லோடுக்கு லோடு ஆர்டரை நம்பி அதில் இறங்க முடியாது. கொரியர்களுக்கு லோடுக்கு லோடுதான் வேண்டும். பிடிக்காவிட்டால் அடுத்த மில்லுக்குப் போகலாம். வந்து இறங்கியதிலிருந்து எழில் இந்த இரண்டையும்தான் மாற்றி மாற்றி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று பலமாக அடித்தது. பார்க் ஒரு கை தூளை அள்ளி, முகர்ந்து, யூனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். காற்று அதை எழிலின் பக்கமே கொண்டுவந்தது.

"தூள் நன்றாக இருக்கிறது. இவரை விட்டால் இந்தப் பருவத்துக்கு நமக்கு வேறு ஆள் கிடையாது. அது இவருக்குத் தெரியாதவரை தப்பித்தோம்."

மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்பதை மனிதர்கள் எப்படியும் மறந்துபோவார்கள். எழில் ஓர் அடி முன்னால் வந்தாள். "இதைச் சொல்லட்டுமா?" என்று கொரிய மொழியில் கேட்டாள்.

பார்க்கின் காதுவரை சிவந்தது. "வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்."

கிருபாசங்கர் பார்த்துவிட்டான். சொன்னது புரியாவிட்டாலும் சிவந்தது தெரிந்தது. அப்பாவின் காதோரம் போய் ஏதோ சொன்னான். பாலுசாமி அலுவலகத்தைக் கைகாட்டினார். "அவங்களுக்கு எளநீ குடுத்து உக்கார வையுங்க. கண்ணு, நீ சித்த இப்படி வந்துட்டுப் போ."

மரத்தடியில் நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது. பாலுசாமியும் உட்காரவில்லை.

"களத்துல என்னமோ பேசுனாங்களாமா?"

"பேசுனாங்க சார்."

"என்ன பேசுனாங்க?"

"உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க சார்."

"அவங்க வேண்டாம்னா? உன்னக் கூட்டியாந்தது ஆரு? அவங்களா, நாங்களா?"

"நீங்கதாங்க. நீங்க பேசறதை அவங்ககிட்டவும், அவங்க உங்ககிட்டப் பேசறதை உங்ககிட்டவும் சொல்லத்தான் கூட்டியாந்தீங்க. அதை ஒழுங்காச் செய்யறேனுங்க."

"அடடா, தப்பாப் பேசலை கண்ணு. நீ படிச்ச புள்ளை." குரல் முன்னைவிட மென்மையானது. அம்மா பக்கம் திரும்பினார். "ஏன் ராசம்மா, ஊட்டு ஓடு ஒடஞ்சு கெடக்குதுன்னு சொல்லிட்டிருந்தியே. மழை வந்தா அடுப்பு நனையுதுன்னு. நாளைக்கே ஆள் தாட்டியுடட்டுமா? மொத்தக் கூரையும் பிரிச்சுப் புதுசா மேஞ்சு போடலாம்."

"சாமி" என்றாள் ராசம்மாள். 

"உன் புள்ளைகிட்டச் சித்த பேசு. நான் அந்தப் பக்கமா இருக்கறேன்." அவர் நாலு எட்டு போய், எடை மேடை ஓரமாக நின்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். காதுக்கு எட்டுகிற தூரம்தான்.

 அவர் குரலை உயர்த்தவில்லை. வீட்டைக் காலி செய் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட எழில் பதில் சொல்லியிருப்பாள். கொடுக்கிறேன் என்கிறவரிடம் என்ன சொல்வது?

"சொல்லிப்போடு கண்ணு" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"அம்மா, நீ சும்மா இரு."

"அந்தச் சீமைக்காரங்க உனக்கு மாமனா மச்சானா? இன்னிக்கு வந்துட்டு நாளைக்குப் பிளேனேறிப் போயிருவாங்க. நான் இங்கதானே கெடக்கோணும்?"

"சொன்னா நாளைக்கு எனக்கு ஒரு வேலையும் வராதும்மா. ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

"ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. ஆருக்குத் தெரியப்போவுது?"

"அவருக்குத் தெரியும். இங்க சொன்னவ, நாளைக்கு இவர் பேச்சையும் பொள்ளாச்சியில போயிச் சொல்லுவான்னு அவருக்கே தெரியும்."

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாத பார்வை. "பெரிய மேடமாயிட்ட. அடுப்பு நனைஞ்சா எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

எழில் எடை மேடைப் பக்கம் நடந்தாள்.  "சார், உள்ள போலாங்களா? அவங்க காத்திருப்பாங்க."

பாலுசாமி போனிலிருந்து நிமிர்ந்தார். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போலாம்" என்றார்.

அலுவலகத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாதி குடித்த இளநீர் மேசையில் இருந்தது. மேசையின் ஒரு பக்கம் கொரியர்கள், மறுபக்கம் அப்பாவும் மகனும், இரண்டுக்கும் நடுவே மேசையின் தலைப்பக்கம் எழில். ஜன்னல் வழியாக மரத்தடி தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றதை ஒரு சொல்லு விடாமச் சொல்லோணும்" என்றார் பாலுசாமி.

"சொல்றேனுங்க."

அவர் பார்க்கை நேராகப் பார்த்துப் பேசினார். "களத்துல நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள என்னமோ பேசுனீங்க. அது என்னன்னு இந்தப் புள்ளைகிட்டக் கேட்டேன். சொல்ல மாட்டேன்னுருச்சு. அவங்கம்மாளை வெச்சும் கேட்டுப் பார்த்தேன். அப்பவும் வாயைத் தொறக்கலை. அதனால உங்ககிட்டயே கேக்கறேன். என்னங்க பேசுனீங்க?"

"அப்பா!" என்றான் கிருபாசங்கர்.

"நீ சும்மா இரு. சொல்லு கண்ணு."

எழில் பார்க்கின் பக்கம் திரும்பினாள். தன்னைப் பற்றிய புகாரைத் தன் வாயாலேயே, அடுத்தவர் குரலில், 'நான்' என்று ஆரம்பித்துச் சொல்ல வேண்டும். விட்டுவிடலாம், பாதியை விழுங்கிவிட்டு, களத்தில் என்ன பேசினீர்கள் என்று கேட்கிறார் என்று மட்டும் சொல்லலாம். இந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொல்லச் சொல்லிவிட்டார்.

சொன்னாள். அம்மாவை வைத்துக் கேட்டுப் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் குரல் லேசாக இடறியது.

அவள் பேசியபோது பாலுசாமி அவளைப் பார்க்கவே இல்லை. எதிரில் இருந்த இரண்டு முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கின் விரலிலிருந்த பேனா நின்றது. யூன் முதலில் ஜன்னலைப் பார்த்தாள், அப்புறம் எழிலை, அதற்கும் அப்புறம் அவசரமாகப் பார்க்கை.

"காற்றைப் பற்றிப் பேசினோம்" என்றார் பார்க்.

"காத்தைப் பத்திப் பேசுனோம்ங்கறார் சார்."

"காத்தைப் பத்திப் பேசுனதுக்கு எதுக்குங்க மூஞ்சி செவக்குது? இதையும் சொல்லு."

அதையும் சொன்னாள்.  வெளியே லாரி ஒன்று எடை மேடையில் ஏறி இறங்கிய சத்தம் கேட்டது. யூன் கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறு எதையாவதா என்று தெரியவில்லை.

"மூணு வருசம்" என்றார் பாலுசாமி. "இல்லீன்னா இந்த லோடும் இல்லீங்க. நீங்க பொள்ளாச்சிக்கே போயிக்கலாம், வழி நான் காட்டறேன்."

கிருபாசங்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. கொரியர்கள் எழுந்து வெளியே போனார்கள். எழிலைத் தாண்டும்போது பார்க் நின்றார். "நீங்கள் எங்களோடு வர வேண்டாம்" என்று பணிவாகச் சொன்னார். கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டார்கள்.

"போச்சு. எல்லாம் போச்சு" என்றான் கிருபாசங்கர். "உங்களாலதாங்க மேடம். ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருந்தீங்கன்னா அப்பா இப்படிக் கண்ணைக் கட்டிட்டுக் கெணத்துல குதிச்சிருக்க மாட்டாரு."

 கதவுக்கு வெளியே யாருடனோ போனில் பேசுகிற பார்க்கின் குரல் கேட்டது. வார்த்தைகள் காதில் விழ ஆரம்பித்ததும் எழில் நாற்காலியை நகர்த்தி மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாலுசாமி இளநீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

திரும்பி வந்தவர்கள் உட்காரவில்லை. இரண்டு வருடம், அதன் பிறகு இரு பக்கமும் சம்மதித்தால் மூன்றாவது வருடம் என்றார் பார்க். பாலுசாமி தாடையைத் தடவினார். ஒப்புக்கொண்டார். கை குலுக்கினார்கள். யூன் எழில் பக்கம் திரும்பினாள். பார்க்கைப் போலவே தலையைத் தாழ்த்தினாள். கிருபாசங்கர் அவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனான். அவன் நடையே மாறியிருந்தது.

"பார்த்தியா கண்ணு" என்றார் பாலுசாமி, அறை காலியானதும். "உன் வாயில இருந்து ஒரு சொல்லு வரலை. எனக்கு வேண்டியது வந்து சேந்துருச்சு. நீ சொல்லியிருந்தாக்கூட நான் பாதிதான் நம்பியிருப்பேன்."

எழில் அதை யோசித்தாள். தான் எதையும் மீறவில்லை. ஆனாலும் தன் வழியாகவே ஏதோ போய்விட்டது. கேட்க வேண்டியதை அவர் எதிரில் நேராகக் கேட்டார். பதிலை முகத்தில் படித்துக்கொண்டார். அது அவர் சாமர்த்தியம். அதில் தனக்குச் சண்டையில்லை. சண்டை வேறொன்றில் இருந்தது. அதை இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லவே முடியாது என்று தெரிந்தது.

"சார், வெளிய வாங்க. எங்கம்மா முன்னால ஒண்ணு சொல்லோணும்."

அவர் வந்தார். ராசம்மாள் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

"நீங்க எப்பக் கூப்பிட்டாலும் வேலைக்கு வாரேனுங்க சார். ஆனா நான் வர்ற அன்னிக்கு எங்கம்மாளைக் கூப்பிடக் கூடாதுங்க. என் வேலைக்குள்ள அவங்க வரக்கூடாது."

"பெத்தவ வந்து பார்த்தா என்ன கண்ணு தப்பு? புள்ளை மேசையில உக்காந்து பேசறதைப் பார்க்க வேண்டாமா?"

"பார்க்கறதுக்குக் கூப்பிடலீங்களே சார்."

பாலுசாமி வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தில் இருந்த இனிமை கொஞ்சம் இறங்கியது. "அப்ப, ஓடு?"

"ஓடு நானே மாத்திக் குடுத்துக்கறேனுங்க."

"நீ ஆரு மாத்தறதுக்கு?"

கேட்டது அம்மா. இருவரும் திரும்பினார்கள். ராசம்மாள் மரத்தடியிலிருந்து வெயிலுக்கு வந்திருந்தாள். அவள் மகளைப் பார்க்கவில்லை.

"சாமி, அந்த ஓடு நீங்கதான் மாத்தோணும். உங்கப்பாரு இருந்த காலத்துல இருந்து கேட்டுட்டிருக்கறனுங்க. இந்தத் தோப்புல காய் பொறுக்கி இடுப்பு ஒடிஞ்சது நானு. அதுக்குத்தான் கேக்கறேன். இவ சொன்னதுக்கும் சொல்லாததுக்கும் ஓட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

"அட, என்ன ராசம்மா நீயி. நான் எப்ப மாட்டேன்னேன்? ஆகட்டும், பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா எப்பங்க சாமி?"

 அம்மா அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டு எழில் பார்த்ததே இல்லை. களத்தில் பலகை தள்ளிக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். பாலுசாமியும் அவர்களைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ஆள் வரும்" என்றார். திரும்பிப் பார்க்காமல் அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

அம்மா அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.  எழில் பக்கத்தில் போனபோது கையைத் தட்டிவிட்டாள். "போ, போயிச் சாப்பிடு. சீமைக்காரங்க பேச ஆளில்லாம முழிச்சுட்டிருப்பாங்க."

வெள்ளிக்கிழமை ஆள் வந்தது. ஆனால் பாதிக் கூரைதான் மாற்றினார்கள். அடுப்பங்கரைப் பக்கம் புது ஓடு, படுக்கிற பக்கம் பழையது. சரக்கு தீர்ந்துபோச்சு, வந்ததும் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மீதியைத் தான் போட்டுத் தருவதாக எழில் போனில் சொன்னாள். அம்மா ஒப்பவில்லை. "உன் வேலையில நான் வாயை வெச்சேன். தப்புதான், இனி வெக்க மாட்டேன். நீயும் என் வேலையில வெக்காத." தினமும் தோப்புக்குப் போகும் வழியில் பாலுசாமியின் மில் கேட்டுக்கு முன்னால் நின்று, மீதி ஓடு எப்பங்க சாமி என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாளாம். சில நாள் அவர் பின்கேட் வழியாகப் போய்விடுகிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த லோடுக்கு யூன் மட்டும் தனியாக வந்தாள். கிருபாசங்கர் போன் செய்தான். "அப்பா உங்களையேதாங்க கூப்பிடச் சொன்னாரு. வேற ஆளைப் பார்க்கலாமான்னு கேட்டேன், திட்டிப்போட்டாரு." வாட்ஸப் பேச்சை அவன் எடுக்கவில்லை. பொள்ளாச்சியைப் பற்றியும் கேட்கவில்லை. எழில் தன் பங்குக்குத் தன் நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து ஒருமுறை சொன்னாள். அவன் அலுப்போடு "தெரியுங்க, தெரியுங்க" என்றான்.

முன்கேட் திறந்தது. கார் உள்ளே போனபோது எழில் இந்த முறை மரத்தடியைப் பார்த்தாள். யாரும் இல்லை. தோப்பின் கடைசி வரிசையில் அம்மா குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கார் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கார் போய் நிற்கும்வரை பார்த்தாள். வரவில்லை.